பக்கிரி ஒப்புக்கொண்ட குற்றங்கள்

என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கையெழுத்தில் நான் எழுதிய ஒரு வரியும், யோசிக்காமல் சொன்ன ஒரு பதிலும் சேர்ந்து ஒரு மனிதரைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தன. மனநலப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னை அனுபவம் சொல்லச் சொல்கிறீர்கள். நான் சாமர்த்தியமாகச் செய்தவற்றைச் சொன்னால் எனக்குப் பெருமை, உங்களுக்கு ஒன்றும் இல்லை. அதனால் இதைச் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. பதினைந்து நாளைக்கு ஒரு வியாழக்கிழமை தஞ்சாவூரிலிருந்து மனநல டாக்டர் ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்குவார். மற்ற நாட்களில் அந்தப் பிரிவுக்கு நர்ஸ் நான் ஒருத்திதான். வருகிறவர்களைப் பார்த்து, யாரை டாக்டர் வரும் நாளுக்கு வரச் சொல்வது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்வது என் வேலை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கழக ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் அறுவடைக் கூலி எவ்வளவு என்பதில் ஊருக்கு ஊர் தகராறு. விவசாயக் கூலிகளின் சங்கம் வேலைநிறுத்தம் என்றால், மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். வரப்பில் ஒரு பக்கம் கொடி, மறுபக்கம் போலீஸ். தை, மாசி என்றாலே எங்கள் ஆஸ்பத்திரியில் மண்டைக்காயத்துக்குத் தையல் போடும் நூல் தீர்ந்துபோகும்.

அப்படி ஒரு தை மாதக் காலையில் அஞ்சம்மா என்ற பெண் தன் கொழுந்தனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற பெண். கொழுந்தன் பெயர் பக்கிரி. எல்லோரும் அவரை 'அவன்', 'அது' என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன், என்னைவிட ஆறு வயது மூத்தவர் அவர். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. அஞ்சுக்கு மேல் எண்ணத் தெரியாது, தேதி கிழமை தெரியாது. ஆனால் நாற்று முடிகளை, அதாவது பறித்துக் கட்டிய நாற்றுக் கட்டுகளை, சுமந்துபோய் வயலில் வீசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். நடுகிற பெண் குனிந்தபடி கையை நீட்டினால் அடுத்த முடி அங்கே இருக்கும். கூடவும் விழாது, குறையவும் விழாது.

"சாப்பிட மாட்டேங்குதும்மா. வேலைக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்குது. செவுத்தப் பாத்து ஒக்காந்திருக்கு. முன்னல்லாம் இப்படி இல்லீங்க" என்றாள் அஞ்சம்மா.

வெளியே நாற்பது பேர் நின்றிருந்தார்கள். நான் பக்கிரியிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். பதில் இல்லை. இது எத்தனை விரல் என்று கேட்டேன். அதற்கும் இல்லை. எனக்கு விடை கிடைத்துவிட்டது. 'பிறவி மந்தம். புதிதாக நோய் எதுவும் இல்லை' என்று சீட்டில் எழுதினேன்.

"இதுக்கு மருந்து கிடையாதும்மா. வயிறாரச் சோறு போட்டுப் பாத்துக்கங்க" என்றேன்.

"முன்னல்லாம் இப்படி..." என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

இன்று எத்தனையோ பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள்: அறிவுவளர்ச்சி குறைந்தவருக்கும் மற்ற எல்லோரையும்போல மனநோய் வரும், வந்தால் அதையும் அந்தக் குறையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம் என்று. நான் படித்த காலத்திலும் ஒரு மூலையில் எழுதித்தான் இருந்தது. பரீட்சையில் அதற்கு நான் சரியாகவும் பதில் எழுதியிருந்தேன். எதிரில் ஆள் வந்து உட்கார்ந்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

மாசி மாதம். ஒரு நாள் முற்பகல் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் என் மேஜைக்கு வந்தார். கையில் என் சீட்டு. மடித்து மடித்து நைந்திருந்தது.

"இது உங்க எழுத்துங்களா சிஸ்டர்?"

"ஆமாங்க."

"இந்த மாதிரி ஆளுங்க பொய் சொல்லுவாங்களா?"

எதற்குக் கேட்கிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. யாரோ பக்கிரியைத் தொந்தரவு செய்கிறார்கள், நாம் நல்லதாக நாலு வார்த்தை சொல்வோம் என்று நினைத்துக்கொண்டேன்.

"குழந்தை மனசுங்க அவங்களுக்கு. பொய் சொல்லத் தெரியாது" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பிற்பகல் ஒரு மணி இருக்கும். அஞ்சம்மா ஓடிவந்தாள். வெயிலில் வெறுங்காலோடு ஆறு மைல் வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"நீங்கதானேம்மா சொன்னீங்க, அது பொய் சொல்லாதுன்னு?"

அவள் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் மிராசுதாருடைய வைக்கோல்போர் எரிந்துவிட்டது. கூலித் தகராறு முற்றியிருந்த ஊர். யார் வைத்த நெருப்பு என்று இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தார்கள். காலையில் பக்கிரி எழுந்துபோய், எரிந்த இடத்தில் உட்கார்ந்து, சாம்பலை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். மிராசுதாரின் காரியஸ்தர் வந்து "யாருடா கொளுத்துனது?" என்றார். "நான்தான்" என்றார் பக்கிரி. போலீஸ் வந்து கேட்டது. "நான்தான்." சப்-இன்ஸ்பெக்டருக்கே சந்தேகம் வந்திருக்கிறது. பக்கிரியின் மடியிலிருந்த சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்து கேட்டுத் தெளிந்துகொண்டு போயிருக்கிறார்.

"நேத்து சாயங்காலம் அது வூட்டுலதாம்மா இருந்துச்சு. நான் கால்ல கயிறு போட்டுக் கம்பத்துல கட்டியிருந்தேன். ராத்திரிதான் அவுத்து வுட்டேன்."

"ஏன் கட்டினீங்க?"

"கொளத்துல போயி எறங்கி நிக்குதும்மா. கழுத்து வரைக்கும் எறங்கிடுது. நான் வேலைக்குப் போவணும்ல?" அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கட்டிப் போட்டேன்னு ஊருல எப்புடிச் சொல்லுறது? போலீசுல சொன்னேன். நீ அண்ணி, அப்படித்தான் சொல்லுவேன்னுட்டாங்க."

குளத்தில் கழுத்தளவு இறங்கி நிற்கிற மனிதரைத்தான் நான் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மேட்ரனிடம் சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன். "போலீஸ் விவகாரம், பாத்துப் பேசு" என்றார் மேட்ரன். அதற்கு மேல் தடுக்கவில்லை.

ஸ்டேஷனில் பக்கிரி சுவரோரம் குந்தியிருந்தார். யாரும் அடித்ததாகத் தெரியவில்லை. அடிக்க அவசியமே ஏற்படவில்லை. தை மாதம் பார்த்ததற்கு உடம்பு பாதியாகியிருந்தது. கண்ணுக்குக் கீழே குழி. இதன் ஆரம்பத்தை மூன்று வாரம் முன்பே ஒரு பார்வையில் நான் பிடித்திருக்கலாம்.

சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்: "அய்யா, காலையில நான் சொன்னது தப்புங்க."

"எது தப்பு? பொய் சொல்லுவான்ங்கறீங்களா?"

"பொய் சொல்லலைங்க. ஆனா உண்மையும் இல்லைங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நியாயம்தான். எனக்கே அது சரியாகச் சொல்ல வரவில்லை. "அஞ்சு நிமிஷம் அவர்கிட்ட உங்க எதிரிலேயே பேசிப் பாக்கறேன்" என்றேன். சரி என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் தரையில் உட்கார்ந்தேன்.

"பக்கிரி, வைக்கப்போரைக் கொளுத்துனது யாரு?"

"நான்தான்."

"போன வருஷம் மேட்டூர்ல தண்ணி லேட்டா விட்டாங்களே, அது யாரால?"

"என்னாலதான்."

"எங்க ஆஸ்பத்திரி மதில் இடிஞ்சு விழுந்துதே?"

"நான்தான் சிஸ்டரு." அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். "என்ன சிஸ்டர் இது? எதைக் கேட்டாலும் ஆமாங்கறான். பயந்த பயலுங்க எல்லாரும் அப்படித்தான். அதுக்காகப் போரைக் கொளுத்தலைன்னு ஆயிடுமா?"

அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. அறிவுவளர்ச்சி குறைந்தவர்கள் பலர் அதிகாரத்தில் இருப்பவர் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார்கள், ஆமாம் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அனுபவத்தில் கற்றிருப்பார்கள். பக்கிரியும் அப்படி ஆமாம் போடுகிறாரா, வேறு ஏதாவதா? எனக்கும் தெரியவில்லை. பிறகு வேறு மாதிரி கேட்டுப் பார்க்கத் தோன்றியது.

"பக்கிரி, இந்த வருஷம் மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளையடிச்சுக் குடுத்தது நீதானே?"

"இல்ல."

"அய்யாவுக்கு இந்த நாற்காலி வாங்கிக் குடுத்தது நீதானே?"

"இல்ல."

"கார்த்திகையில நல்ல மழை பெஞ்சுதே, அது உன்னாலதானே?"

யோசித்தார். "இல்ல. நான் இல்ல."

"ஊருல மாடு ஒண்ணு செத்துச்சாமே?"

"நான்தான்."

அஞ்சம்மா கதவருகே நின்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். சப்-இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. நல்லது எதையும் பக்கிரி ஏற்றுக்கொள்ளவில்லை. கெட்டது எதைச் சொன்னாலும் அது அவர் செய்தது. பயத்தில் ஆமாம் போடுகிறவருக்கு அந்தப் பாகுபாடு இருக்காது. மனச்சோர்வு முற்றி, உலகத்தில் நடக்கும் கேடு எல்லாவற்றுக்கும் தான்தான் காரணம் என்று நம்புகிற நோயாளிகளை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒரு தலைமை ஆசிரியர் உண்டு, ஒரு தாசில்தார் மனைவி உண்டு. அவர்களுக்கு வந்தால் அது நோய் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து பக்கிரியின் முன்னால் வந்து நின்றார். எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"டேய், என் மூத்த புள்ளை காய்ச்சல்ல போயிட்டான். நான் டூட்டில இருந்தேன். அது யாராலடா?"

பக்கிரி அவரை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "என்னாலதான் அய்யா" என்று சொல்லித் தரையில் நெற்றியை வைத்தார். "என்னைய அடிங்க அய்யா."

அவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது சிஸ்டர். ஆனா நர்ஸ் சொன்னாங்கன்னு நான் ஆளை விட்டா, மிராசுதார் நாளைக்கே மேலிடத்துக்குப் போவாரு. டாக்டர் சொல்லணும். அஞ்சு மணிக்கு ஜீப் வரும், மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும். அதுக்குள்ள முடியுமா?"

ஸ்டேஷன் போனிலேயே தஞ்சாவூருக்கு டிரங்க் கால் போட்டுக்கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். லைன் கிடைத்ததும் நான் மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நல்லா இருந்தப்போ எப்படி இருந்தாரு?"

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் அஞ்சம்மா இரண்டு முறை சொல்ல வந்தாள், இரண்டு முறையும் நான் கேட்கவில்லை. ரிசீவரை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் அதற்கு முன் போனில் பேசியதே கிடையாது. ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை. "சிரிக்கும்ங்க. நாலு வரப்பு தள்ளிக் கேக்கும் அது சிரிப்பு. மூணு வேளையும் சாப்புடும். படுத்தா கட்டை மாரி தூங்கும். இப்ப வெடியக்காலம் எந்திரிச்சுடுது, அப்பதான் ரொம்ப மோசம், பொழுது போவப் போவக் கொஞ்சம் தேவலை... எப்பலேருந்தா? எங்க வூட்டுக்காரரு தவறுனதுலேருந்துங்க. கார்த்திகையில." தூக்கம், சாப்பாடு, எடை, எந்த நேரத்தில் மோசம், எப்போது ஆரம்பம். எங்கள் கேஸ் ஷீட்டில் உள்ள கட்டங்கள் எல்லாவற்றையும், எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் நின்ற இடத்தில் நிரப்பிவிட்டாள்.

பிறகு டாக்டர் சப்-இன்ஸ்பெக்டரிடம் பேசினார். அவர் "சரிங்க சார்... சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தார். "ஆஸ்பத்திரில சேத்துடுங்க. கூட ஒரு கான்ஸ்டபிள் வருவாரு" என்றார்.

"வாக்குமூலம்?" என்று கேட்டேன்.

"எந்த வாக்குமூலம்? நான் இன்னும் எழுதவே இல்லையே" என்றார். அவருடைய இடது உள்ளங்கைக்குக் கீழே எழுதி முடித்த ஒரு தாள் இருந்தது. மசியும் காய்ந்திருந்தது. நான் அதைப் பார்க்காததுபோல எழுந்துகொண்டேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர் வந்தார்கள். முதலில் காரியஸ்தர். "சங்கத்துக்காரன் ஆளைப் பைத்தியம்னு காட்டித் தப்பிக்க வைக்கறீங்களா?" என்றார். அவர் போன பிறகு சங்கத்துக்காரர் ஒருவர் வந்தார். "மிராசுதார் ஆளுங்க அடிச்சுத்தான் ஒப்புக்க வெச்சாங்கன்னு ஒரு கடிதாசி குடுங்க சிஸ்டர், எங்களுக்குப் பெரிய உதவியா இருக்கும்" என்றார். இரண்டு பேரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன்: "அவருக்கு உடம்பு சரியில்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு போனார்கள். போருக்கு யார் நெருப்பு வைத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரிந்துகொள்வது என் வேலையும் இல்லை. உங்களுக்கும் இப்படிப்பட்ட நாட்கள் வரும். நோயாளியைத் தங்கள் பக்கத்துச் சாட்சியாக்க எல்லோரும் வருவார்கள், அதில் நல்லவர்களும் இருப்பார்கள்.

டாக்டர் மறுநாளே வந்து பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு மறந்துவிடக்கூடாத இரண்டு வாரங்கள். ஒரு மாற்றமும் இல்லை. கஞ்சியை வாயில் விட்டால் அப்படியே வைத்திருப்பார், விழுங்கமாட்டார். "எனக்கு வேணாம், மத்தவங்களுக்குக் குடுங்க" என்பார். வார்டில் இருந்தவர்கள் சாமியாடியைக் கூப்பிடச் சொன்னார்கள். மேட்ரன், கட்டிலை எத்தனை நாள் இப்படி அடைத்துவைப்பது என்று கேட்டார். எனக்கே நம்பிக்கை போய்விட்டது. ஒருவேளை நான் சீட்டில் எழுதியதுதான் சரியோ என்றுகூட ஒரு பிற்பகல் நினைத்தேன். மருந்து வேலை செய்ய நாளாகும் என்பது படித்தபோது ஒரு வரி. கட்டில் பக்கத்தில் நிற்கும்போது அது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம், ஒரு காலை, கஞ்சித் தம்ளரைத் தானே வாங்கிக் குடித்தார். மறுநாள் கருவாடு கேட்டார். அதற்கு மறுநாள் அஞ்சம்மாவிடம் கேட்டார்:

"அண்ணன் எங்க?"

அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளை வெளியே அழைத்துப்போனேன்.

"அவங்க அண்ணன் இறந்தது அவருக்குத் தெரியாதா?"

"அதுக்கு என்னம்மா புரியும்? எடுக்குற அன்னிக்கு வாத்துக் கொட்டாய்ல கொண்டுபோயி வுட்டுட்டோம். அழுது கூச்சல் போடும்னு."

மெதுவாக மீதியையும் சொன்னாள். அண்ணன் இறந்த அன்று சாயங்காலம் வயல் மடையை அடைத்துவிட்டு வரச் சொல்லித் தம்பியை அனுப்பியிருக்கிறார் அண்ணன். தம்பி வழியில் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்று மறந்துவிட்டார். அண்ணனே போனார். மடையில் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி வந்து சேருமுன் உயிர் போய்விட்டது.

"நான்தாம்மா அடிச்சுக்கிட்டு அழுவையில சொல்லிட்டேன். 'ஒன்னாலதான்டா போனாரு, நீ போயிருந்தா அவரு இருந்திருப்பாரே'ன்னு. அதுக்குப் புரியாதுன்னு நெனைச்சேன்."

சாவு புரியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். 'உன்னால்தான்' என்பது மட்டும் புரிந்துவிட்டது. மூன்று மாதமாக அதைத் தனியாகச் சுமந்திருக்கிறார்.

டாக்டர் வந்த வியாழக்கிழமை, பக்கிரியிடம் சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம். நான் சொல்வதாக இருந்தது. என் மனதில், "நீ ஒரு தப்பும் பண்ணலை பக்கிரி" என்று ஆறுதலான வாக்கியங்கள் தயாராக இருந்தன. அஞ்சம்மா என்னை நிறுத்தினாள். "நான் சொல்றேம்மா. நான் சொன்னதுதானே." கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் செத்துப்போச்சுடா. பாம்பு கடிச்சுச் செத்துப்போச்சு. இனிமே வராது."

"வராதா?"

"வராது. மடைய அடைக்க மறந்தது நீதான். ஆனா கடிச்சது பாம்பு, நீ இல்ல. நான் கோவத்துல ஒன்னையச் சொல்லிட்டேன். அது தப்பு. என்னோட தப்பு."

என் வாக்கியத்தைவிட அவளுடையது எவ்வளவோ மேல். பக்கிரிக்கு மறந்தது ஞாபகம் இருந்தது. நான் இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். உண்மையைச் சின்னச் சின்ன வார்த்தைகளில் சொன்னாள், அதன் எல்லையையும் காட்டினாள். அவர் அன்று முழுக்க அழுதார். வார்டே கேட்டது. மேட்ரன்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அஞ்சம்மா அவரை இடுகாட்டுக்கு அழைத்துப்போய் இடத்தைக் காட்டினாள். இருவரும் ஒரு மண்சட்டியில் பால் கொண்டுபோய் அங்கே ஊற்றிவிட்டு வந்தார்கள். மருந்து பாதி, இது பாதி என்று டாக்டர் சொன்னார். எது முதல் பாதி என்று கேட்டேன். "தெரியாது. ரெண்டையும் நிறுத்தாதீங்க" என்றார்.

பங்குனிக் கடைசியில் பக்கிரி வீட்டுக்குப் போனார். ஆனால் வேலை கிடைக்கவில்லை. போரைக் கொளுத்தியவன் என்று ஒரு பேச்சு, பைத்தியம் என்று ஒரு பேச்சு. மிராசுதார், வயலில் அவர் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனியில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கியது. அன்று மாத்திரை கொடுக்க நான் அந்த ஊருக்குப் போயிருந்தேன். வரப்பில் முப்பது பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தியும் சேற்றில் இறங்கவில்லை. கூலித் தகராறு மறுபடி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். காரியஸ்தரும் அப்படித்தான் நினைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"பேசுன கூலிதானே குடுக்குறோம்? இன்னும் என்ன வேணும்?"

"முடி போட ஆள் சரியில்லீங்க" என்றாள் ஒரு வயசான பெண். "ஒரு எடத்துல கும்பலா வுழுவுது, ஒரு எடத்துல ஒண்ணுமில்ல. இடுப்பு ஒடியுது. பக்கிரி வந்தா எறங்குறோம்."

"அவன் பைத்தியம்டி!"

"நல்லாதான் முடி போடும். நீங்க வேணா வந்து போட்டுப் பாருங்க."

நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. பறித்த நாற்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் பார்த்தார் காரியஸ்தர். பிறகு, "கூப்பிட்டுத் தொலைங்க" என்றார். அந்தப் பெண்களில் பாதிப் பேர் வேறு வேறு கட்சி, கொடி விஷயத்தில் ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள். அன்று அவர்கள் யாரையும் நான் தூண்டிவிடவில்லை. மருந்துக்கு அப்புறம் என்ன என்று நானும் டாக்டரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் யோசித்து முடித்துவிட்டிருந்தார்கள். பக்கிரி வந்தார். இரண்டு கையிலும் முடிகளை எடுத்தார். முதல் வரிசை கொஞ்சம் தப்பியது. மூன்றாவது வரிசையில் பெண்கள் திரும்பிப் பார்க்காமலே கை நீட்ட ஆரம்பித்தார்கள்.

நோய் அதோடு விட்டுவிட்டது என்று சொன்னால் பொய். இரண்டு தடவை திரும்ப வந்தது. இரண்டு தடவையும் அஞ்சம்மா முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து அழைத்து வந்துவிட்டாள், குளம் வரை போகவில்லை.

பல வருடம் கழித்து அந்தப் பக்கம் அரிசி ஆலை ஒன்று வந்தது. பக்கிரி களத்தில் நெல் காயப்போடும் வேலைக்குப் போனார். அங்கே செல்லி என்று ஒரு பெண், அவரைப் போலவே அறிவுவளர்ச்சி குறைந்தவள், நெல் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவள் கூட வேலை செய்தவளைத் தள்ளுகட்டையால் அடித்துவிட்டாள். மறுபடி அடித்தாள். புத்தியில்லாதது, இப்போது வெறியும் பிடித்துவிட்டது, நிறுத்திவிடலாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். மறுநாள் வியாழக்கிழமை. பக்கிரி அவளைக் கையைப் பிடித்து நடத்தியே எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலையில் பாதி நரைத்திருந்தது.

அப்போது வேறொரு இளம் டாக்டர். நன்றாகப் படித்தவர், பொறுமைசாலி. செல்லியைப் பார்த்தார். பக்கிரியைப் பார்த்தார். யாரைக் கேட்பது என்று கொஞ்சம் தயங்கி, பக்கிரியிடம் கேட்டார்.

"இவங்களுக்கு என்ன பண்ணுது?"

"தூங்கல. சிரிக்கல" என்றார் பக்கிரி.

"யாரோ பேசற மாதிரி காதுல கேக்குதுன்னு ஏதாவது சொல்றாங்களா? எதுக்காக அடிக்கறாங்க?"

பக்கிரி என்னைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார். எனக்கு அத்தனை வருட வேலையிலும் வாயில் வராத ஒன்றைச் சர்வசாதாரணமாகச் சொன்னார்.

"என்னையக் கேக்குறீங்களே. அதைக் கேளுங்க. அதுக்குத்தான் தெரியும்."

டாக்டர் முகம் சிவந்துபோனது. நாற்காலியைத் திருப்பி, செல்லிக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா" என்றார்.

செல்லி வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரிசை நீண்டிருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. பிறகு அவள் தன் காதைத் தொட்டுக் காட்டி, பேச ஆரம்பித்தாள்.